ஒரு இடம் தள்ளி

“தந்தி அறுந்து கண்ணுல தெறிச்சாத்தான் நிறுத்துவீங்களா?”

தொட்டிலை ஆட்டிக்கொண்டே கேட்டாள். கணவன் நிமிரவில்லை. கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மடியிலிருந்த ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியத்தின் முறுக்காணியைத் திருகினான். டொய்ங். திரும்பவும் டொய்ங்.

பாதி தர்பூசணி மாதிரி வயிறு, பின்னால் ஒடிந்த மாதிரி கழுத்து. எங்கிருந்தோ வாங்கி வந்த நாளிலிருந்து சாயங்காலமானால் இதே கூத்து. சுருதி சேர்ப்பதோடு சரி, ஒரு பாட்டு வந்தபாடில்லை. பேரைக் கேட்ட மாமியார், ஊதுறதுன்னா வாய் வைக்கிற இடம் எங்கே என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இத்தனைக்கும் அவன் இவளிடமே கிட்டார் படித்தவன். கல்யாணமாகியும் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவான்.

டீச்சர் கிட்டாரைத் தொட்டு மாதக்கணக்காகிறது. குழந்தை பிறந்ததிலிருந்து எதற்கெடுத்தாலும் பயம். பிள்ளையைத் தூக்கினாலே கை நடுங்கியது. விரல் போச்சு, இனிமே வராது என்று படிக்க வந்தவர்களையெல்லாம் நிறுத்திவிட்டாள். சும்மா எடுத்துத்தான் பாரேன் என்று அவன் ஒருநாள் சொல்லப்போக, அவள் அழுத அழுகையில் அப்புறம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

தந்தி கிறீச்சிட்டது.

“ரெண்டாவது ஜோடியை எதுக்கு ஏத்துறீங்க?”

“ஏ சுரத்துக்கு. கிட்டார்ல தடித் தந்திக்கு அடுத்தது ஏ தானே டீச்சர்?”

“அது கிட்டார். இதுல ஏ, டி, ஜி மூணும் ஒரு இடம் தள்ளி இருக்கு. ரெண்டாவது எஃப். நேத்தும் சொன்னேன், முந்தாநேத்தும் சொன்னேன்.”

எரிச்சல் தாங்காமல், பால் கொடுக்கும் நேரத்தில் செல்போனில் தேடிப் படித்த பாடம் அது.

“எனக்கென்னவோ சரியாத்தான் கேக்குது” என்று அவன் இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினான்.

அவ்வளவுதான். எழுந்து போய்ப் பிடுங்கிக்கொண்டாள். இதில் பல்சக்கரம் கிடையாது, உள்ளே அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும் என்று திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தளர்த்தி ஏற்றினாள். ஜோடித் தந்திகள் இரண்டும் ஒரே குரலாகும்வரை விடவில்லை. சரிதானா என்று பார்க்க நாலு சுரம் தட்டினாள். நாலு எட்டாயிற்று. எட்டு ஒரு பாட்டாயிற்று. கை நடுங்குகிறதா என்று பார்க்க அவளுக்கு ஞாபகமே வரவில்லை.

தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி நின்ற மாமியார் பாட்டு முடிந்ததும் மகன் பக்கம் திரும்பினாள்.

“ஏன்டா, இவ குளிக்கப் போனப்ப நீயும் இப்படித்தானே அழகா வாசிச்சுக்கிட்டிருந்தே? கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் எதுக்கு எல்லாத்தையும் திருகிக் கலைச்சே?”