வானத்துக்குத் தெரியாத சுவர்

மேலிருந்து பார்த்தால் பிளவு தெரியாத ஊர்களுக்கு அரசு ஒற்றுமை விருது தரப்போவதாக அறிவித்தது. ஊராட்சித் தலைவர் மாசிலாமணி, மேலத்தெருவுக்கும் காலனிக்கும் நடுவே நின்ற சுவரின் உச்சியில் செம்மண் பூசி, இருபுறமும் கொடி படரவிட்டார். செயற்கைக்கோள் ஏமாந்தது, விருது வந்தது.

மறுமாதம் ஒரு மதியம் மேலத்தெரு வீட்டில் அவருக்கு நெஞ்சு வலித்தது. ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் ஆம்புலன்ஸ், செயற்கைக்கோள் வரைபடத்தை நம்பிக் குறுக்கு வழியில் காலனிக்குள் புகுந்து, சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. "சுத்தி வாயேன்" என்று அவர் மனைவி போனில் கெஞ்சினார். வழியில் சுவர் எதுவும் இல்லை என்று வண்டி பணிவாகச் சொன்னது.

காலனி வார்டு உறுப்பினர் சகாயராணிதான் ஏணி போட்டு, நாலு பேரோடு சுவரேறி வந்தார். கட்டிலோடு அவரைத் தூக்கினார்கள். சுவர் உச்சியில் கட்டில் ஒரு நிமிடம் நின்றது. மாசிலாமணி தலையைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓட்டுக்கூரைகள், ஒரே மாதிரி காயும் வேட்டிகள். அவருக்கு வலி கூடியது.

பிழைத்து வந்தவர் முதல் வேலையாக ஒரு மனு எழுதினார். ஆம்புலன்ஸ் பார்க்கும் வரைபடத்தில் சுவரைக் காட்ட வேண்டும், விருதுக்குழு பார்ப்பதில் காட்டக் கூடாது. கையெழுத்துக்காக அதைச் சகாயராணியிடம் நீட்டினார்.

"சுவரை இடிச்சுட்டா இந்த மனுவே வேண்டாமே, தலைவரே."

"என்னம்மா பேசுற? ஒத்துமைக்கு விருது வாங்குன ஊருல இடிக்கிற பேச்சை எடுக்கலாமா?"