குறுக்கே பேசக் கூடாது

பொன்னையா வாயைத் திறந்தால் பூரணி சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஐந்து வாரமாக இதே கதைதான். இரண்டு பேருக்கும் ஆகாது என்று குழுவில் எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த சின்ன மண்டபத்தில் ஒன்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. சீனி, சிறுநீரகம் என்று தீராத நோய் வருத்தத்தோடு காலம் தள்ளுகிறவர்கள் புதன்கிழமை தோறும் அங்கே வந்து மனதில் இருப்பதைப் பேச வேண்டும். நடத்துகிறவர் உளவளத்துணையாளர் தனுஜா.

அவர் போட்ட விதி ஒன்றுதான். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது, புத்தியும் சொல்லக் கூடாது. பதிவேட்டில்கூட கிளினிக் நம்பரும் நோயும் தவிர வேறு விவரம் எதுவும் எழுதமாட்டார்.

குழுவிலேயே பெரிய வாய் பொன்னையாவுக்குத்தான். தேயிலை ஃபெக்டரியில் முப்பது வருடம் இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிய பழக்கம். அன்றைக்கு மட்டும் சுருக்கமாக முடித்துவிட்டார்.

"நேத்து ரத்தம் சுத்தம் பண்ணப் போகல மிஸ். வெள்ளிக்கிழமையும் போறதில்ல. போதும்."

வாரத்துக்கு இரண்டு தடவை நுவரெலியாவுக்கு பஸ் ஏறி, நாலு மணி நேரம் மெஷினோடு படுத்துவிட்டு வருகிற மனுஷன். அதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அந்த வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"ஏன் அப்பிடி முடிவெடுத்தீங்க?" தனுஜா மெதுவாகக் கேட்டார்.

"என்னால யாருக்கு மிஸ் பிரயோசனம்? ஒரு வாளி தண்ணி தூக்க முடியல. கவலையும் வரல, பயமும் வரல. சும்மா கெடக்கேன்."

"வீட்டுல சொல்லிட்டீங்களா?"

பொன்னையா கீழே கிடந்த குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, அப்பிடியெல்லாம் பேசாதீங்க" என்று ஆரம்பித்த பக்கத்து நாற்காலி ஐவியை தனுஜா கையைக் காட்டி அடக்கினார். விதி விதிதான். அடுத்த முறை பூரணியுடையது.

பூரணியின் வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி என்பது குழு அறிந்த சங்கதி. தோட்டத்து லயக் காம்பராவில், பத்தடி ஒற்றை அறைக்குள், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று எட்டுப் பேர். இருமினால் பக்கத்துக் காம்பராக்காரர் தண்ணீர் நீட்டுவார். அங்கே புருஷனும் பெண்டாட்டியும் என்னத்தைப் பேசுவது என்று முதல் வாரமே சொல்லியிருந்தாள். அவள் மேல் தனுஜாவுக்குத் தனி இரக்கம்.

"ஐவி அக்கா சொல்ல வந்தது என்னன்னு எனக்குத் தெரியாது" என்றாள் பூரணி. பிறகு பொன்னையா இருந்த பக்கமாக மோவாயை லேசாக நீட்டினாள். "ஆனா அந்தா, கதவோரமா இருக்கறவரு சொன்னதக் கேட்டதும் எனக்கும் ஒண்ணு சொல்லணும் போல இருக்கு மிஸ்."

"சொல்லுங்க."

"எனக்கு சீனி வருத்தத்துல ரெண்டு பாதமும் மரத்துப்போச்சு. கொழுந்து எடுக்குறப்ப அட்டை கடிச்சாலும் தெரியாது, முள்ளு ஏறுனாலும் தெரியாது. போன வருசம் ஒரு வெரல எடுத்துட்டாங்க. அன்னையிலருந்து நான் வேலவிட்டு வந்ததும் எங்க வீட்டுக்காரரு டார்ச்ச எடுத்துக்கிட்டு ஒக்காந்துருவாரு. எங் கால மடியில வச்சு, வெரல் இடுக்கெல்லாம் ஒண்ணொண்ணாப் பாப்பாரு. ஒரு வார்த்த பேச மாட்டாரு."

கிளினிக் கொப்பியைப் பார்த்து வாசிப்பதுபோல, குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னாள். கண்கூடக் கலங்கவில்லை.

"மருமககிட்ட போயி காலக் காட்ட முடியுமா? அவரு கண்ணு இல்லாட்டி எனக்குக் காலு இல்ல மிஸ். இத அவருகிட்ட நான் சொன்னதே இல்ல. அந்த வீட்டுல எங்கன வச்சுச் சொல்றது?"

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பொன்னையா குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பேசி முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"வெள்ளிக்கிழம போறேன் மிஸ்."

தனுஜாவுக்கு அப்பாடா என்றிருந்தது. தன்னுடைய விதி ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டது என்று அறிக்கையில் எழுதலாம்.

எல்லோரும் கலைந்த பிறகு, வாசலில் செருப்புக்குள் கல் கிடக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பூரணியை தனுஜா நிறுத்தினார்.

"நீங்க பேசினதாலதான் அந்தாள் மனசு மாறிச்சு. உங்க வீட்டுக்காரரையும் ஒருநாள் இங்க கூட்டிட்டு வாங்களேன். வாய் தொறக்காதவங்களும் இங்க வந்தா பேசுவாங்க."

பூரணி வெளியே பார்த்தாள். கேட்டுக்குப் பக்கத்தில், வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டு, பொன்னையா குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"அஞ்சு வாரமாக் கூட்டிக்கிட்டுத்தான் மிஸ் வர்றேன்."