ஐஸ் உருகும்வரை

முக்கால் மணி நேரம் ஓடினால் ஏசியில் காற்று நின்றுவிடுகிறது. மகள் நச்சரித்ததால்தான் தேவசகாயம் காரை சிக்கந்தரின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார். டேஷ்போர்டைக் கழற்றிய சிக்கந்தர், கூலிங் காயிலை மூடியிருந்த ஐஸைக் காட்டினார். “தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டு வயரை டைரக்டா முறுக்கி விட்டிருக்கு சார். கம்ப்ரசர் நிக்கவே நிக்காது, ஐஸ் கட்டிக் காத்தை அடைச்சிடும். எவன் பார்த்த வேலை இது?”

“நான்தான்” என்றார் தேவசகாயம். போன கோடையில் மனைவி ரெஜினாவைக் கதிர்வீச்சு சிகிச்சைக்காகப் பலமுறை மதுரைக்குக் கூட்டிப்போனார். தூத்துக்குடி திரும்பும் வழியில் கழுத்தெல்லாம் எரிகிறது என்று அவள் அழுவாள். குளிர் ஒரு கணமும் விடக்கூடாதென்று அவரே வயரை முறுக்கினார். அருப்புக்கோட்டை நெருங்கும்போது ஏசி உறைந்துவிடும். அதை அணைத்து, வேப்பமரத்தடியில் நிறுத்தி, ஐஸ் உருகிச் சொட்டும்வரை பத்து நிமிடம் காத்திருப்பார்கள். வழியெல்லாம் கண்மூடிக் கிடப்பவள் அப்போது மட்டும் அவர் தோளில் சாய்ந்து பேசுவாள். “கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊத்துனீங்களா?” என்பது மாதிரி ஏதாவது. ஆவணியில் அவள் போய்விட்டாள்.

சிக்கந்தர் புதிய தெர்மோஸ்டாட்டை எடுத்தார். “இதை மாட்டிட்டா மெட்ராஸ் வரைக்கும் எங்கயும் நிக்காமப் போலாம் சார்.”

தேவசகாயம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாளைக்கு மாட்டலாமா பாய்?”

சிக்கந்தர் டேஷ்போர்டை மூடிக்கொடுத்தார். தேவசகாயத்தின் வீடு கடற்கரைப் பக்கம். ஏசி முழுவேகத்தில் ஓட, கார் எதிர்த்திசையில் திரும்பி மதுரைச் சாலையில் ஏறியது.