ரேடியோ நின்ற நாள்

கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தாள் அவள். பிஸ்கட் தூளும் முடியுமாகக் கொட்டியது. வகுப்பு தொடங்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

மாடியில் மொத்தமே இரண்டு அறை. முன்னறையில் அவள் கணவர் நடத்தும் புரோகிராமிங் வகுப்பு. பின்னறையில் குடித்தனம்.

மாணவர்கள் ஆறு பேர் சேர்ந்தாற்போல் வந்து நின்றார்கள்.

"அக்கா, இதுக்கு ஒரு முடிவு கட்டுங்க. ஒண்ணு ரேடியோ இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும்."

ரேடியோ யாரென்று அவள் கேட்கவில்லை. பின்னறை வரை கேட்கிற குரல் அது. எழுதுகிற புரோகிராமை வரி விடாமல் சத்தம் போட்டுப் படிக்கிற பெண்ணுக்கு வகுப்பே வைத்த பெயர்.

"அவ எழுதினதை அவ படிச்சாக்கூடப் பொறுத்துக்கலாம். சார் எங்க பக்கத்துல வந்து நின்னா போதும், ஓடி வந்து எங்களோடதையும் படிக்கிறா. நான் ஒரு அடைப்புக்குறி விட்டது தெரு முழுக்கத் தெரிஞ்சு போச்சு!"

"சாருக்குப் படிக்கத் தெரியாதா? நடுவுல இவ யாரு?"

"மெயின் ரோட்டுல புதுசா ஒரு சென்டர் திறந்திருக்காங்க. ஏசி எல்லாம் இருக்காம்," என்றான் அவர்களில் ஒரு நெட்டையன், ஜன்னலைப் பார்த்தபடி.

அவள் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். இருப்பதே பதினோரு பேர். ஆறு பேர் கிளம்பினால் போர்டைக் கழற்றிவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

"நான் பார்த்துக்கறேன். நீங்க போய் உக்காருங்க."

கணவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கொஞ்ச நாளாக எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறார். பேப்பர் படிப்பதைக்கூட நிறுத்திவிட்டார். "எல்லாம் பொய். எதுக்கு அதைப் படிச்சுக்கிட்டு?" வருகைப் பதிவேட்டை மட்டும் அவளிடம் கொடுத்திருந்தார். "நீயே எழுது. அஞ்சாவதோட விட்டவதானே, கை பழகட்டும்." அன்றைக்கு அவளுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அவள் மனசில் இன்னொரு முள்ளும் இருந்தது. இப்போதெல்லாம் அவர் வகுப்புக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "ரேடியோ வந்தாச்சா?"

ரேடியோ படியேறி வருவதைப் பார்த்து அவள் எழுந்து போனாள். வாசலிலேயே மறித்தாள்.

"இரும்மா. செருப்பைக் கழட்டாதே. இன்னையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

"ஏன்க்கா? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"உன் வாய்தான் தப்பு. மனசுக்குள்ள படிச்சா எழுத்தெல்லாம் ஓடிப் போயிடுமா?"

"ஓடாதுக்கா."

"அப்புறம்? அடுத்தவங்க எழுதினதை நீ எதுக்குப் படிக்கறே? சார் பின்னாடியே ஒட்டிக்கிட்டு அலையறது எனக்குத் தெரியலேன்னு நினைச்சியா?"

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. கண் நிறைந்துவிட்டது. உள்ளே யாராவது கவனிக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நான் வாயை மூடிட்டா சாருக்கு அப்புறம்..."

பின்னறையில் குழந்தை வீறிட்டு அழுதது.

"சாருக்கு என்ன? நீ இல்லேன்னா பத்து பேர் வருவாங்க. போ, போ," என்று குழந்தையிடம் ஓடினாள்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது வாசலில் யாரும் இல்லை.

அன்றைக்கு வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும். அவர் கதவு நிலையைத் தடவியபடி உள்ளே வந்தார்.

"ரேடியோ வந்தாச்சா?"

"ரேடியோ ரிப்பேர் சார்!" என்றது ஒரு குரல். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. பக்கத்து மேஜையின் விளிம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"சரி... எழுதினதை யாராவது படிச்சுக் காட்டுங்க."

"எதுக்கு சார் படிக்கணும்? முடிச்சாச்சு. நீங்களே வந்து பாருங்க," என்றான் நெட்டையன்.

அவர் வரிசையாக வந்தார். ஒவ்வொரு இடத்திலும் குனிந்தார். "ம்..." "சரி..." "பரவாயில்லை..."

"சார், எனக்கு ஓடவே மாட்டேங்குதே?"

"இன்னொரு தடவை நிதானமாப் பாரு. நீயே கண்டுபிடிப்பே," என்று நகர்ந்தார்.

குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு அவள் கடைசி மேஜையில் இருந்தாள். ரேடியோவின் இடத்தைப் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கொடுத்திருந்தாள். திரை முழுக்க விரல் தடம். ஈரத்துணி வைப்பதானால் ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். அது அவர் போட்ட சட்டம். புதுப் பெண் ஒதுங்கி நின்றாள்.

அவர் அங்கேயும் வந்தார். எப்போதும் கறுப்புத் திரையில் பொடிப்பொடியாக வெள்ளை எழுத்து ஓடும் வகுப்பு அது. மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். விரலால் திரையில் மேலிருந்து கீழே, வரிவரியாகத் தடவினார்.

"சார், நான் இன்னும்..." என்று ஆரம்பித்தாள் புதுப் பெண்.

"பேசாதே. பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்?"

யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். நெட்டையன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றான்.

அவர் நிமிர்ந்தார். முகத்தில் ஒரு நிம்மதி.

"நல்லா எழுதியிருக்கே. ஒரு தப்புகூட இல்லை. அடுத்த பாடத்துக்குப் போ."

திரையிலிருந்து பிடுங்கிய ஒயர் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.