தும்மல்

பறவைகள் வந்து தங்கும் அந்தக் கடலோர ஊரில் தீபாவளிக்குக்கூட யாரும் வெடி போடுவதில்லை. போன ஐப்பசியில் மகள் கல்யாணத்தன்று, சந்தோஷம் தாங்காமல் சோணைமுத்து ஒரு சரவெடியைக் கொளுத்திவிட்டார். உப்பங்கழியில் மேய்ந்துகொண்டிருந்த பூநாரைகள் மொத்தமாக எழும்பிப் போயின, திரும்பவேயில்லை. ஊரில் யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தூங்கியிருப்பார்.

இந்த வருஷம் மழை தொடங்கியதிலிருந்து, விடிந்ததும் மனைவி இருளாயியோடு கரையோரம் நடந்து பார்த்துவிட்டு வருகிறார். எதிர்ப்படுகிறவர்கள் "வந்துருச்சா?" என்று மட்டும் கேட்பார்கள்.

இன்று வந்திருந்தது. ஒற்றைப் பூநாரை, கூப்பிடு தூரத்தில். பார்த்த நொடியில் சோணைமுத்துவுக்குத் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. மூக்கைப் பொத்தினார். கண்ணில் நீர் கோத்தது. இருளாயி முந்தானையால் அவர் முகத்தை இறுக்கி மூடினாள். "அடக்குங்க, சாமி, அடக்குங்க."

முடியவில்லை. கரையே அதிர்ந்தது.

பூநாரை கழுத்தை நிமிர்த்தி அவரைப் பார்த்தது. பிறகு அலகைத் தலைகீழாகச் சேற்றுத் தண்ணீருக்குள் விட்டு, விட்ட இடத்திலிருந்து மேயத் தொடங்கியது.

இருளாயி முந்தானையை எடுத்தாள்.

"ஒத்தத் தும்மலு ஆகாது. இன்னொன்னும் தும்மிருங்க" என்றாள், சத்தமாகவே.