பாதியில் விடக் கூடாது

“நிறுத்துங்க, நிறுத்துங்க!” இசொகாய் கையை உயர்த்தினார். “திரும்பவும் அதே இடம். சுரம் மெதுவா இறங்கி மூச்சோட கரையணும். நீங்க என்னடான்னா டிராமுக்கு பிரேக் போடற மாதிரி டக்குனு நிறுத்தறீங்க.”

“ஆயுசு பூரா அதைத்தானே சென்செய் பண்ணேன்!” என்று சிரித்தாள் ரெய்னில்டா. ஜப்பானிய வாத்தியாரான அவரை ‘சென்செய்’ என்றுதான் கூப்பிடுவாள். பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்தில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள். கணவன் இறந்த பிறகு, வீட்டில் முடங்கக் கூடாது என்று மகள்தான் இந்தக் குழல் வகுப்பில் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். ஷாகுஹாச்சி என்கிற அந்த மூங்கில் குழல் அவளுடைய பெரிய கைகளில் உருட்டுக்கட்டை போல இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். பாடம் நடக்கிற செவ்வாய்க்கிழமை என்றால் தட்டுகிறவர்தான்.

வழக்கமாக அதற்கு இருவரும் சிரிப்பார்கள். இன்று இசொகாய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கால்வாயில் மழை விழுந்துகொண்டிருந்தது.

ஒருகாலத்தில் இந்த மாடி நிறைய மாணவர்கள் இருந்தார்கள். முதல் பட்டம் வாங்கினார்கள், கச்சேரி செய்தார்கள், சிலர் பிரஸ்ஸல்ஸில் சொந்தமாகவே சொல்லித்தர ஆரம்பித்துவிட்டார்கள். ‘போதும், ஜப்பானுக்கே போய்விடலாம்’ என்று அவரும் மனைவி சயோவும் முடிவு செய்தபோது பாக்கி இருந்தவள் ரெய்னில்டா ஒருத்திதான்.

“நீ முன்னால போ சயோ. சேர்த்துக்கிட்டவங்களை முதல் பட்டம் வாங்கற வரைக்கும் விட மாட்டேன்னு என் குருவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். அதோட, ரெய்னில்டாவுக்குப் புருஷனும் போயிட்டாரு. அவங்களுக்கு இந்தக் குழலை விட்டா வேற என்ன இருக்கு?” என்று அன்று மனைவியிடம் சொன்னார்.

சயோ ஜப்பானில் மட்சுயே ஊருக்குப் போய் தங்கை மகளோடு இருந்தாள். அவள் காத்திருக்கிற விஷயத்தை ரெய்னில்டாவிடம் அவர் வாய் திறந்ததில்லை. தெரிந்தால் பாவம், பதறுவாள். வருகிற சுரமும் வராது.

வருஷங்கள் ஓடின. “அவங்க முடிச்சாச்சா?” என்று போனில் கேட்டுக்கொண்டிருந்த சயோ, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தாள். இன்று காலை “நான்தான்” என்று இவர் சொன்னதும், மறுமுனையில் குரல் ரொம்ப மரியாதையாக வந்தது.

“மன்னிக்கணும். யார் பேசறீங்க?”

“முகமே சரியில்லையே சென்செய்,” என்றாள் ரெய்னில்டா. “சாப்பிட்டீங்களா? கோழி சூப் கொண்டாந்திருக்கேன். ஆறிடப்போகுது.”

“அப்புறம் ஆகட்டும். வீட்டுல வாசிச்சுப் பார்க்கறதுண்டா?”

“குழல் இங்கதானே இருக்கு! டிராம்ல யாராவது இடிச்சு ஒடச்சுட்டா? அது உங்க அலமாரியிலயே பத்திரமா இருக்கட்டும்.”

வாத்தியத்தின் மேல் இவ்வளவு பக்தி வைத்திருக்கிறாளே என்று அவருக்கு மனம் இளகியது. “சரி, முதல்ல இருந்து வாசிங்க.”

வாசித்தாள். அந்த இடம் வந்தது. சுரம் டக்கென்று நின்றது. சுவரில் மறுபடியும் தட்டு விழுந்தது.

இசொகாய் கண்களை மூடிக்கொண்டார். தப்பான சுரத்தைச் சரி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதற்காகவே சண்டை போட்டுக்கொண்டு போன மாணவர்கள் உண்டு.

“வந்துடுச்சு,” என்றார்.

“எது?”

“அந்த இறக்கம். நல்லா வந்துச்சு. முதல் பட்டத்துல தேறிட்டீங்க.”

ரெய்னில்டா குழலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “நிஜமாவா? எப்பவும் போலத்தானே இருந்துச்சு?”

“உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.” இறந்துபோன குரு எதிரே உட்கார்ந்து பார்ப்பது போல இருந்தது. “அதனால நான் ஊருக்குப் போறேன். சயோகிட்ட. இனிமே பாடம் கிடையாது.”

எதைக் கண்டு இத்தனை காலம் பயந்தாரோ அது நடந்தது. ரெய்னில்டாவின் கண்கள் நிறைந்தன. குழலை மேஜைமேல் வைத்துவிட்டு அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“மன்னிச்சிடுங்க,” என்றார் இசொகாய். பொய்யும் சொல்லி, நட்டாற்றிலும் விடுகிறோமே என்று இருந்தது. “உங்களைப் பாதியில விட்டுட்டு...”

“ஐயோ, நான் சந்தோஷத்துல அழறேன் சென்செய்! உங்க மனைவி உங்களை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னுல்ல இவ்வளவு நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்!”

அவள் மூக்கை உறிஞ்சினாள். முதுகிலிருந்து மூட்டை இறங்கியவள் மாதிரி நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

“அவங்க போன அன்னிக்கே, இந்தக் குழல் எனக்கு ஒத்துவரல, நின்னுக்கறேன்னு சொல்லத்தான் படி ஏறி வந்தேன், தனியா உக்காந்திருந்தீங்க, விட்டுட்டுப் போக மனசு வரல.”