ஒற்றை வார்த்தை வாத்தியார்

"'ஹி வாக்ஸ் ஸ்லோ.' சரியாங்க?"

"லி."

"என்னது?"

"லி."

ஸ்டூல் மேல் ஏறி நின்று ஜன்னலுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த தையல்காரிக்கு எரிச்சலாக வந்தது. இந்தத் தெருவுக்கே அவள் புதிது. திரைச்சீலை தைக்கணும் என்று கூப்பிட்டார்களே என்று வந்தால், இங்கே ஒரு பள்ளிக்கூடமே நடக்கிறது. அறுபது வயதுக்கு மேல் வீட்டுக்கார அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே இங்கிலீஷ் படிக்கிறார். சொல்லிக்கொடுப்பவர் அவருடைய கணவர், ரிட்டயரான இங்கிலீஷ் வாத்தியாராம். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மனுஷன், வந்தவளை வா என்றுகூடச் சொல்லவில்லை.

"ஓ, ஸ்லோலி. எப்படி நடக்கிறார்னு சொல்றதுக்கு லி சேர்க்கணும், அப்படித்தானே?"

"ம்."

"அப்போ, 'ஷி சிங்ஸ் பியூட்டிஃபுல்'."

"லி." இடது கையால் நாற்காலியைத் தட்டினார். "முட்டாள்."

தையல்காரிக்குச் சுருக்கென்றது. கட்டின பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தைக்கு மேல் செலவழிக்க மனசு வராத கஞ்சன். அந்த அம்மாவோ ரோஷமே இல்லாமல் அடுத்த வாக்கியத்தை யோசித்துக்கொண்டிருந்தார்.

"இந்த வயசுல இதெல்லாம் உங்களுக்கு எதுக்குக்கா?" என்று கேட்டே விட்டாள்.

"வேண்டியிருக்கும்மா. ரொம்ப வேண்டியிருக்கு" என்றவர், கணவர் பக்கம் திரும்பினார். "'ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்லி.'"

நாற்காலி கிறீச்சிட்டது. "இல்ல."

"ஏன், லி போட்டுட்டேனே. ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்லி. ஷி ரன்ஸ் ஃபாஸ்ட்லி. எல்லாரும் ஃபாஸ்ட்லி."

"ஃபாஸ்ட்லின்னு... ஒரு வார்த்தையே கிடையாதுடி. எத்தனை தடவை சொல்றது உனக்கு?"

அவர் போட்ட சத்தத்தில் தையல்காரியின் கையிலிருந்த டேப் கீழே விழுந்தது. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினார்.

தையல்காரிக்குப் பொறுக்கவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கிப் பின்னாலேயே போனாள். சுவரில் சாய்ந்து தேம்பிக்கொண்டிருந்தார் அந்த அம்மா.

"அழாதீங்கக்கா. வெளியாள்தான் நான், இருந்தாலும் அந்த மனுஷனைப் போய் நாலு கேள்வி கேட்காம விடமாட்டேன்."

வேண்டாம் என்று அவசரமாகத் தலையாட்டிய அந்த அம்மா, செல்போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"டாக்டர், பக்கவாதம் வந்து பேச்சு போனதுக்கப்புறம் இன்னைக்குத்தான் அவர் ஒரு முழு வாக்கியம் பேசியிருக்கார். என்னைத் திட்டித்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "ஒரே ஒரு கவலை டாக்டர். அவரோடவே இத்தனை வருஷம் இங்கிலீஷ் டீச்சரா இருந்தவளுக்கு, நாளைக்கு என்ன தப்பு பண்றதுன்னுதான் தெரியல."